புத்தகத்தில் நம்மவர்கள்

சென்ற பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை, பட்டர்வொர்த்தில் பெரி ஏறி ஜார்ஜ் டவுனுக்குப் போயிருந்தேன். எங்கள் தோட்டம் நிபோங் திபால் வட்டாரத்தில் இருக்கிறது. 2014ஆம் ஆண்டு திறந்த இரண்டாவது பாலம்தான் எங்களுக்குப் பக்கம். இருந்தாலும் சிறு வயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பெரியில் போய் வந்த பழக்கம் இன்னும் விடவில்லை. அந்தப் பழைய பெரிகள் ஓய்வு பெற்றுவிட்டன. 2023 முதல் புதியவை ஓடுகின்றன. ஆட்டம் குறைவு, கடற்காற்றும் குறைவு.

மார்க்கெட் தெருவில் வீட்டுச் சாமான்களோடு சில புத்தகங்களும் வாங்கினேன். திரும்பி வரும்போது எங்கள் பள்ளி மாணவன் ஒருவனின் தாயார் எதிரே உட்கார்ந்திருந்தார். பையிலிருந்து எட்டிப் பார்த்த அட்டையைப் பார்த்துவிட்டு, "என்னங்க டீச்சர், பாட நூலா?" என்றார்.

"இல்லம்மா, நாவல்."

"பிள்ளைங்களுக்குக் கதை சொல்றது உங்க வேலை. உங்களுக்கும் ஒருத்தர் சொல்லணுமா?" என்று சிரித்தவர், புத்தகத்தை வாங்கிப் பின்னட்டையைப் படித்தார். "அட, தோட்டத்துச் சனங்க கதை. அதான் நாம வாழ்ந்து பாத்ததாச்சே டீச்சர். காசு குடுத்து வேற படிக்கணுமா?"

அந்த அம்மையார் கேலியாகத்தான் கேட்டார். ஆனால் பெரி கரை சேர்ந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வாழ்ந்து பார்த்ததை ஏன் படிக்க வேண்டும்? இந்த ஓராண்டில் நான் படித்த நாவல்களையும் கவிதைகளையும் பற்றி என் அபிப்பிராயங்களை எழுத உட்கார்ந்ததற்கு அதுவே காரணம். நான் பட்டம் பெற்ற விமர்சகி அல்ல. ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் பெற்ற ஒரு தோட்டப் பள்ளி ஆசிரியை. ஆகவே வாசகச் சகோதரிகள் இதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல், குழாயடியில் இருவர் பேசிக்கொள்வதாக எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். நானும் ரமணி சந்திரன் படித்துத்தான் வளர்ந்தேன். டாக்டர் மு.வ.வை அப்பா படிக்கச் சொன்னார், படித்தேன். ரமணி சந்திரனை ஒருவரும் சொல்லவில்லை. தலையணைக்கடியில் வைத்துப் படித்தேன். அதற்காக வெட்கப்படவில்லை. எழுத்துக்கூட்டிப் படிப்பதிலிருந்து பக்கம் பக்கமாக ஓடிப் படிக்கும் பழக்கத்தை எனக்குக் கொடுத்தவை அந்தக் கதைகளே. ஆனால் அந்தக் கதைகளில் லயம் இல்லை, பெரட்டு இல்லை, ஆயாக் கொட்டகை இல்லை. பெரிய பங்களாவும் அதில் ஒரு கோபக்காரக் கதாநாயகனும் இருந்தார்கள். எங்கள் தோட்டத்திலும் ஒரு பங்களா இருந்தது. அதில் இருந்தவர் துரை. கோபம் அவருக்கும் உண்டு; கதைதான் இல்லை.

இந்த ஆண்டு நானாகவே ஒரு விதி வைத்துக்கொண்டேன். நம்மவர்கள் வருகிற புத்தகங்களாக, முடிந்தால் பினாங்கு வருகிற புத்தகங்களாகத் தேடிப் படிப்பது என்று.

அப்படித் தேடியபோது முதலில் கைக்கு வந்தவர் ப. சிங்காரம். 1920இல் சிங்கம்புணரியில் பிறந்தவர். 1938இல் கப்பலேறி மேடானுக்குப் போய்க் கடையில் வேலை பார்த்தவர். போர் முடிந்தபின் ஊர் திரும்பி, மதுரையில் தினத்தந்தியில் பணியாற்றி, 1997இல் மறைந்தார். எழுதியது இரண்டே நாவல்கள். 'கடலுக்கு அப்பால்' 1950இல் எழுதி 1959இல் வெளிவந்தது. 'புயலிலே ஒரு தோணி' 1962இல் எழுதி, பத்தாண்டு காத்துக் கிடந்து 1972இல் வெளிவந்தது. இன்று தமிழின் மிகச் சிறந்த நாவல்களில் ஒன்றாகப் பலர் அதைக் கொண்டாடுகிறார்கள். அந்தப் பாராட்டை அவர் காதால் கேட்டது கொஞ்சம்தான்.

'புயலிலே ஒரு தோணி' ஜப்பானியர் மேடானுக்குள் நுழைகிற காட்சியில் தொடங்குகிறது. அங்கிருந்து பினாங்கு, நேதாஜியின் படை, இந்தோனேசிய விடுதலைப் போர் என்று பாண்டியன் என்ற இளைஞனோடு கதை ஓடுகிறது. எளிதில் படித்துவிட முடியாது. இரண்டு தடவை மூடி வைத்துவிட்டேன். மூன்றாம் தடவை ஒரு விஷயம் புலப்பட்டது. ஆசிரியர் தாராளமாக மலாய்ச் சொற்களைக் கலந்து எழுதுகிறார். மதுரையிலோ சென்னையிலோ இருக்கும் வாசகர் அந்த இடத்தில் தடுக்கி விழுவார். நமக்கென்ன கஷ்டம்? கடை, சாப்பாடு, துவான், காசு என்று நாம் தினம் புழங்குகிற மொழிதானே! தமிழ்நாட்டுப் பேராசிரியருக்கு அடிக்குறிப்பு வேண்டியிருக்கும் இடத்தை எங்கள் தோட்டத்துப் பெண் ஒருத்தி அப்படியே படித்துப் போகிறாள் என்றால், அந்தப் பெருமையை நாம் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

பினாங்கில் சில தமிழர்கள் கூடிக் குடித்துக்கொண்டே தமிழரின் பழம்பெருமையைக் கிழித்துத் தோரணம் கட்டுகிற பகுதி ஒன்று அதில் வருகிறது. படிக்கும்போது முதலில் கோபம் வந்தது. தமிழ் விழா மேடைகளில் நாம் சொல்லிக் கைதட்டு வாங்கும் அத்தனையும் அங்கே கேலிக்கு உள்ளாகிறது. பிறகு சிரிப்பு வந்தது. எங்கள் பள்ளி விழாவில் வருடந்தோறும் நான் எழுதிக் கொடுக்கும் மாணவர் பேச்சுகள் நினைவுக்கு வந்தன. அந்தப் பகுதியைப் படித்த பிறகு இந்த வருடப் பேச்சில் இரண்டு பத்திகளை நானே அடித்துவிட்டேன்.

ஆனாலும் எனக்குப் பிடித்தது சிறிய நாவலான 'கடலுக்கு அப்பால்'தான். பினாங்கில் வட்டிக்கடையில் வேலை பார்த்த செல்லையா நேதாஜியின் படைக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறான். முதலாளியின் மகள் மரகதம் அவனுக்கென்றே இருந்தவள். பட்டாளத்துக்குப் போய் வந்தவன் இனிமேல் கடைக் கணக்குக்கு உதவமாட்டான் என்று முதலாளி மனம் மாறுகிறார். அவ்வளவுதான் கதை. இந்த முதலாளியைக் கொடுமைக்காரராகக் காட்டியிருந்தால் நம்முடைய பழைய தமிழ்ப் படமாகப் போயிருக்கும். சிங்காரம் அப்படிச் செய்யவில்லை. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே என்று படிக்கிறவரையே எண்ண வைக்கிறார். அடுத்த தடவை சூலியா தெருவில் நடந்தபோது, செல்லையா இந்த ஐந்தடிப் பாதையில்தானே நடந்திருப்பான் என்று என் கால் மெதுவாகிவிட்டது.

குறையும் சொல்ல வேண்டும். அவருடைய உலகம் கடையும் கப்பலும் பட்டாளமும். அந்தப் பட்டாளத்தில் சேர்ந்தவர்களில் பெரும் பகுதியினர் பால்மரக் காட்டிலிருந்து போனவர்கள். அவர்களை அவர் தூரத்திலிருந்துதான் பார்க்கிறார். அவர் அறிந்த வாழ்க்கையை அவர் எழுதினார், அது தவறல்ல. என் மனம் மட்டும் அந்தப் பின் வரிசையில் நின்றவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்தது ரெ. கார்த்திகேசுவின் 'அந்திம காலம்'. 1998இல் வந்த நாவல். ஆசிரியர் கெடா மாநிலம் பீடோங்கில் 1940இல் பிறந்து, வானொலியில் பணியாற்றி, பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 2016இல் காலமானார். மூளையில் கட்டி வந்த சுந்தரம் என்ற முதியவரையும், இரத்தப் புற்றுநோய் வந்த அவருடைய பேரனையும் பற்றியது இந்தக் கதை. இரண்டு இரவில் படித்து முடித்தேன். தாத்தா சாவுக்குத் தயாராகிக்கொண்டிருக்கும் வீட்டில் பேரனுக்கும் நோய் வந்தால் அந்த வீடு எப்படி மூச்சுவிடும்? அதைக் கூச்சல் இல்லாமல் எழுதியிருக்கிறார். மருத்துவமனையில் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாய்மார்களுக்கு இந்தப் புத்தகத்தை நான் கொடுக்கமாட்டேன், தாங்காது.

ஒரு மனத்தாங்கல் உண்டு. பிள்ளையைப் பெற்றோரிடம் விட்டுவிட்டு வேறொருவரோடு போய்விடும் மகள் ராதாவின் விஷயத்தில் ஆசிரியர் கொஞ்சம் அவசரமாகத் தீர்ப்பு எழுதிவிட்டார் என்றே எனக்குப் பட்டது. அவள் செய்ததைச் சரி என்று சொல்லவில்லை. ஏன் செய்தாள் என்று அவள் வாயாலேயே இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கலாம். நம்முடைய ஆண் எழுத்தாளர்கள் பலரும் தாத்தாவின் மனத்துக்குள் சுலபமாகப் போய்விடுகிறார்கள். வீட்டை விட்டுப் போன மகளின் மனத்துக்குள் போகும்போது மட்டும் வாசற்படியிலேயே நின்றுவிடுகிறார்கள்.

பீடோங் என்றதும் இன்னொருவர். கே.எஸ். மணியம். அவரும் அதே பீடோங்கில் 1942இல் பிறந்தவர். கொஞ்ச காலம் தமிழ்ப் பள்ளியில் படித்து, ஆங்கிலப் பள்ளிக்கு மாறி, ஆங்கிலத்திலேயே எழுதி, 2020இல் மறைந்தார். 1981இல் வந்த அவருடைய 'தி ரிட்டர்ன்' நாவலை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். அதில் பெரியதாய் என்ற பாட்டி இந்தியாவிலிருந்து வருகிறார். பேரன் ரவி தமிழ்ப் பள்ளியிலிருந்து ஆங்கிலப் பள்ளிக்குப் போகிறான்; போகப் போக வீடே அவனுக்கு அந்நியமாகிறது. ஒரு தமிழ்ப் பள்ளி ஆசிரியைக்கு அந்தப் பகுதி எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. என் வகுப்பிலிருந்து சான்றிதழ் வாங்கிக்கொண்டு போன பிள்ளைகளின் முகங்கள் வரிசையாக வந்தன. ஒரே ஊரில் இரண்டாண்டு இடைவெளியில் பிறந்த இருவர், ஒருவர் தமிழில், ஒருவர் ஆங்கிலத்தில். மணியத்தின் பாட்டிக்கு அந்தப் புத்தகத்தைப் படித்துக் காட்டியிருந்தால் ஒரு வரி விளங்கியிருக்காது. அது ஒன்றுதான் மனத்தை உறுத்துகிறது.

அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1970களில் இங்கு வந்து பார்த்துவிட்டுப் போய், தோட்டத் துண்டாடலால் அல்லல்பட்ட நம் மக்களுக்காக அவர் எழுதினார். 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பத்து வெள்ளி, பத்து வெள்ளியாகக் கட்டிய தலைமுறைக்கு அந்தப் புத்தகம் இனித்திருக்கும். விருந்தாளி எழுதிய நன்றிக் கடிதம் போல் இருக்கிறது. நல்லெண்ணம் நிறைய உண்டு. அடுப்படிப் புகை இல்லை.

மாறாக, பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ' நாவலில் புகை கண்ணைக் கரிக்கிறது. ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்தவர் அவர். இரா. முருகவேள் 2007இல் 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார். 2013இல் வந்த 'பரதேசி' படம் இதைத் தழுவியதுதான் என்றால் உங்களுக்குச் சட்டென்று புரியும். படத்தைப் பார்த்தவர்கள் புத்தகத்தையும் படியுங்கள். கருப்பனும் வள்ளியும் பஞ்சம் பிழைக்க மலையேறி, முன்பணக் கடனில் மாட்டிக்கொண்டு இறங்க முடியாமல் தவிப்பதைப் படித்தபோது, மலை வேறு, மரம் வேறு, ஆனால் கடன் கணக்கு மட்டும் ஒன்று என்று தோன்றியது. நம்முடைய செபராங் பிறையிலும் ரப்பருக்கு முன்னால் கரும்புதான். 19ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் முதலில் கொண்டுவரப்பட்டது கரும்புத் தோட்டங்களுக்கே. பாரதியார் பிஜித் தீவின் பெண்களை நினைத்து 'கரும்புத் தோட்டத்திலே' பாடினார். என் வகுப்பில் அதைச் சொல்லிக் கொடுக்கும்போது, பிஜி எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் காட்டியதோடு நிறுத்திக்கொண்டிருந்தேன். நாம் நிற்கிற மண்ணிலும் கரும்பு இருந்தது என்று சேர்த்துச் சொல்ல இத்தனை வருடம் ஆயிற்று.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் தோட்டத்தில் இப்போது லயங்கள் குறைந்துவிட்டன. பாதிப் பேர் தாமான் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். பால்மரமும் போய்ச் செம்பனை வந்து வெகு காலமாயிற்று. ஆனாலும் வெள்ளிக்கிழமை பூசைக்குக் கோயிலுக்கு வருகிற பழக்கம் இருக்கிறது. பூசை முடிந்தபின் மண்டபத்தில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருப்போம். நான் படித்துக் காட்டுவேன். இது என் அப்பாவிடமிருந்து வந்த பழக்கம். 2019இல் நின்றுபோன 'தமிழ் நேசன்' அந்தக் காலத்தில் எங்கள் லயத்துக்கு ஒரே ஒரு பிரதி வரும். அப்பா திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். மண்ணெண்ணெய் விலையிலிருந்து தொடர்கதை வரை எல்லோரும் கேட்பார்கள்.

அந்த ஏழெட்டுப் பேரில் ஒரு பாட்டி உண்டு. வயது தொண்ணூறைத் தொடுகிறது. எழுதப் படிக்கத் தெரியாது. காது மட்டும் கூர்மை.

சயாம் மரண ரயில் பற்றிய நாவல்களை அங்கே படிப்பதா வேண்டாமா என்று எனக்கு முதலில் தயக்கம். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' 1993இல் வந்தது. அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' 2005இல் வந்தது. ரெங்கசாமி அவர்களும் ஆசிரியர். ஜப்பானியர் காலத்தைச் சிறுவனாகக் கண்ணால் பார்த்தவர். அவர்கள் இருவருக்கும் நம் சமுதாயம் கடன்பட்டிருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

தாய்லாந்தின் பான் போங்கையும் பர்மாவின் தன்பியூசாயாட்டையும் இணைத்த அந்தப் பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். சுமார் 60,000 வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் அதில் வேலை செய்தார்கள். 12,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களைப் பற்றி உலகம் படித்துக்கொண்டே இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் பியர் பூல் 1952இல் குவாய் நதிப் பாலத்தைப் பற்றி நாவல் எழுதினார். 1957இல் படமாக வந்து பரிசுகளை அள்ளியது. (அந்தப் பாலக் காட்சிகளை எடுத்தது இலங்கையில், கித்துல்கலையில். தேயிலைத் தோட்டத்துத் தமிழர்களுக்குப் பக்கத்து ஊர்!) கைதியாக இருந்த ஒருவரின் மகனான ஆஸ்திரேலிய எழுத்தாளர் ரிச்சர்ட் பிளனகன் எழுதிய நாவலுக்கு 2014இல் புக்கர் பரிசு கிடைத்தது. காஞ்சனபுரியில் கைதிகளுக்குப் புல்தரை போட்ட கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறத்தாழ 7,000 கல்லறைகள்.

கைதிகளைப்போல் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்கள் அதே பாதையில் வேலை செய்தார்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் நம் தோட்டத் தமிழர்கள். மாண்ட ஆசியர்கள் 90,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். மதிப்பீடுதான், கணக்கெடுத்தவர் யார்? வெள்ளைக்காரக் கைதிகளில் படித்த அதிகாரிகள் இருந்தார்கள், டைரி எழுதினார்கள், படம் வரைந்தார்கள். வாந்திபேதியில் விழுந்த நம்மவன் டைரியா எழுதுவான்? ஆகவேதான் அந்த இரண்டு நாவல்களும் எனக்கு வெறும் நாவல்கள் அல்ல. கலைநயம் குறைவு, சம்பவங்கள் அடுக்காக வருகின்றன, பேச்சுகள் நீளம் என்றெல்லாம் சிலர் குறை சொல்வதைக் கேட்டிருக்கிறேன். இருக்கட்டும். எழுதாமல் விட்டிருந்தால் என்ன செய்திருப்போம்?

மூன்று வெள்ளிக்கிழமை படித்தேன். காட்டை வெட்டுவதும், கஞ்சிக்கு வரிசை நிற்பதும், காலில் புண் புரையோடுவதும், நோயாளிகளைக் கொட்டகையில் தனியே போடுவதும் என்று ஒவ்வொரு கட்டமாகப் போயிற்று. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பாட்டி மட்டும் அழவில்லை. வெற்றிலை மென்றுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். நாலாம் வெள்ளிக்கிழமை நான் புத்தகத்தைத் திறக்கும் முன், "டீச்சர், இதுல எங்கம்மா எப்ப வருவா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "உங்கம்மா சயாமுக்குப் போனாங்களா பாட்டி?"

"அப்பாதான் போனாரு. அம்மா இங்கதான இருந்தா. அவளப்பத்தி எப்ப வருதுன்னு கேக்கறேன்."

பிறகு அவர் சொன்னதை என்னால் முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன்.

பாட்டிக்கு அப்போது ஏழு அல்லது எட்டு வயது. மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, போய்விட்டு வந்துவிடலாம் என்று சொல்லிப் பெரட்டில் பெயர் எடுத்தார்கள். அப்பாவை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்று மாதம் ஆயிற்று. ஆறு மாதம் ஆயிற்று. வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டுக்கு ஒன்றும் கிடைக்காத காலம். மரவள்ளிக் கிழங்கைத் தின்று வயிறு ஊதிப் போனவர்கள் தோட்டத்திலும் செத்துக்கொண்டிருந்தார்கள். போர் முடிந்து, போனவர்களில் சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார்கள். அப்பாவோடு போன ஒருவர் பாதி வழியில் வேறு முகாமுக்குப் பிரித்துவிட்டார்கள் என்றார். இன்னொருவர் ஆற்றங்கரையில் பார்த்ததாகச் சொன்னார். செத்ததைப் பார்த்தேன் என்று ஒருவரும் சொல்லவில்லை.

"செத்தாருன்னு ஒரு கடுதாசி வந்திருந்தா எங்கம்மா தாலிய எறக்கியிருப்பா. ஒப்பாரி வச்சு ஒரு நாள் அழுதிருப்பா. ஒண்ணும் வரலியே. தெனம் பொட்டு வச்சுக்கிட்டுத்தான் பால் வெட்டப் போவா. சின்ன வயசுதான். ரெண்டு பேரு பொண்ணு கேட்டாங்க. ஊருல பேசுனாங்க. புருசன் உசிரோட இருக்கறவளக் கட்டறதா, இல்லாதவளக் கட்டறதான்னு அவனுங்களுக்கே தெரியல."

அந்த அம்மாள் எத்தனையோ வருடம் கழித்து நோயில் இறந்தபோது, லயத்துப் பெண்கள் பிணத்தைச் சுற்றி நின்று சண்டை போட்டார்களாம். பூவும் பொட்டும் வைத்துச் சுமங்கலியாக அனுப்புவதா, கூடாதா? ஒருத்தி பூவை வைத்தாள், ஒருத்தி எடுத்தாள். கடைசியில் பாட்டிதான் கத்தினாராம்: "வையிங்கடி! வச்சே அனுப்புங்க!"

"இது புஸ்தகத்துல வருதா டீச்சர்?"

வீட்டுக்குப் போய் இரண்டு நாவல்களையும் மறுபடி புரட்டினேன். தோட்டத்தில் நின்றுபோனவர்களைப் பற்றி அவற்றில் கிடைத்த பக்கங்கள் எனக்குப் போதவில்லை. கதை ரயிலோடு போய்விடுகிறது. இது அவற்றின் குற்றம் என்று சொல்ல மாட்டேன். போன ஆண்களின் கதையைச் சொல்லவே ஐம்பது ஆண்டு ஆயிற்று. ஆனால் காத்திருந்த பெண்களின் நாவல் இன்னும் எழுதப்படவில்லை என்பது என் அபிப்பிராயம். பெரியில் அந்த அம்மையார் கேட்டாரே, வாழ்ந்ததை ஏன் படிக்க வேண்டும் என்று. அவரை அடுத்த தடவை பார்த்தால் இந்தப் பாட்டியின் கதையைச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

கவிதைக்கு வருவோம். என் மேசையில் இருக்கும் பெரிய புத்தகம் முரசு நெடுமாறன் தொகுத்த 'மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்'. 1997இல் வெளிவந்தது. 1887 முதல் 1987 வரை நூறாண்டுக் கவிதைகள். அவரும் கேரித் தீவில் பிறந்த ஆசிரியர்தான். ஓர் ஆள் இத்தனையையும் தேடித் திரட்டினார் என்பதை நினைத்தாலே கை கூப்பத் தோன்றுகிறது. முழுவதையும் ஒரே மூச்சில் படிக்க யாராலும் முடியாது, நானும் படிக்கவில்லை. தினம் சோறு கொதிக்கும் நேரத்தில் நாலு பக்கம்.

அப்படிப் படித்ததில் ஒன்று தெரிந்தது. தமிழை வாழ்த்தும் பாட்டுகளும் தலைவர்களை வாழ்த்தும் பாட்டுகளும் நம்மிடம் ஏராளம். சில மிக நல்லவை. பினாங்கில் வாழ்ந்து 2014இல் மறைந்த சீனி நைனா முகம்மது எழுதிய தமிழ் வாழ்த்தை எங்கள் பள்ளிப் பிள்ளைகள் பாடும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கும். யாப்பு பிசகாமல், அதே சமயம் ஆறு வயதுப் பிள்ளையின் வாயில் தடுக்காமல் எழுதுவது லேசான காரியமல்ல. ஆனால் வாழ்த்துப் பாட்டு எல்லோருக்கும் கைவருவதில்லை. வராதவர்களும் எழுதிவிட்டார்கள். 1964இல் சி. கமலநாதன் இங்கே புதுக்கவிதையைத் தொடங்கி வைத்தபோது மரபுக் கவிஞர்கள் பலர் கோபப்பட்டார்கள். இன்று படித்தால் இரண்டு பக்கமும் நல்லதும் உண்டு, பதரும் உண்டு. எதுகை இருப்பதாலோ இல்லாததாலோ ஒன்று கவிதையாகிவிடாது.

கோயில் மண்டபத்தில் சில கவிதைகளையும் படித்துப் பார்த்தேன். தமிழ் வாழ்த்துகள் வந்தபோது பாட்டி கண்ணயர்ந்தார். பால்மரத்தைப் பற்றி ஒருவர் எழுதியது வந்தது. யார் என்பது வேண்டாம். அப்படி எழுதியவர்கள் பலர். மரத்தில் வடிவது பாலல்ல, தொழிலாளியின் இரத்தம் என்கிற மாதிரி. பாட்டி கண்ணைத் திறந்தார். "நாப்பது வருசம் வெட்டியிருக்கேன் டீச்சர். வெள்ளையாத்தான் வரும். ரத்தமுன்னா கொசு குடிச்சதுதான்."

எல்லோரும் சிரித்துவிட்டோம். பிறகு பாட்டி, மங்கில் மழைத்தண்ணீர் விழுந்துவிட்டால் அன்றைய பால் வீண், வெட்டிய கையோடு வானத்தையே பார்த்துக்கொண்டு நிற்போம் என்று சொன்னார். காண்டாவின் இரண்டு பக்கமும் வாளி சமமாக இல்லையென்றால் நடை எப்படிக் கோணும் என்று எழுந்து நடந்து காட்டினார். நான் படித்த கவிதையைவிட அந்த நடைதான் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. இலங்கை மலையகத்தின் சி.வி. வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்டத்தைப் பற்றி 1954இல் ஆங்கிலத்தில் நெடுங்கவிதை எழுதியவர். தோட்ட மக்களின் வாய்ப்பாட்டுகளையும் தேடிச் சேகரித்தவர். நம் தோட்டத்துப் பெண்களின் தாலாட்டையும் ஒப்பாரியையும் அப்படி யார் வீட்டு நோட்டுப் புத்தகத்திலாவது எழுதி வைத்திருக்கிறீர்களா? இருந்தால் பத்திரப்படுத்துங்கள். பூச்சி அரித்துவிடும்.

ஒப்பாரி என்றதும் பாட்டியிடம் கேட்டேன், அப்பாவுக்காக எப்போதாவது பாடியதுண்டா என்று. இல்லை என்றார். ஊரில் எத்தனையோ சாவுக்குப் போய்ப் பாடியவர். தன் அப்பாவுக்கு மட்டும் பாடியதில்லை. "பொணம் இல்லாம எப்படிப் பாடறது?"

2023இல் காஞ்சனபுரியில் சயாம் ரயில் பாதையில் மாண்ட தமிழர்களுக்காக ஒரு நடுகல் நாட்டப்பட்டது. அதன் படத்தைக் கைப்பேசியில் எடுத்துக் காட்டினேன். பாட்டி கைப்பேசியைக் கண்ணருகே கொண்டுபோய் வெகு நேரம் பார்த்தார்.

"பேரு போட்டிருக்கா டீச்சர்?"

அத்தனை ஆயிரம் பேரின் பெயரை ஒரு கல்லில் எப்படிப் போடுவது பாட்டி என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் மடியிலிருந்த நாவலைக் காட்டி, "அதுல எடம் இருக்கா?" என்றார். கடைசியில் ஒரு வெற்றுப் பக்கம் இருந்தது. அப்பாவின் பெயரைச் சொன்னார். நான் பென்சிலை எடுத்தேன்.

"பேனாவுல எழுதுங்க."

எழுதி இரண்டு தடவை படித்துக் காட்டினேன். அம்மாவின் பெயரையும் பக்கத்தில் எழுதச் சொன்னார்.

வரும் வெள்ளிக்கிழமை 'கடலுக்கு அப்பால்' தொடங்குகிறோம். கதையைக் கொஞ்சம் சொல்லி வைத்திருக்கிறேன். மரகதத்தைச் செல்லையாவுக்குக் கொடுப்பார்களா மாட்டார்களா என்று பெண்கள் இப்போதே இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். பாட்டி செல்லையா கட்சி.